லாரிப் பட்டையில் ஒரு நாக்கு

கரையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் மண் கறுத்துக் கிடந்தது. செல்லக்கனி குத்தவைத்து உட்கார்ந்து, அந்த ஈரத்தை விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள். சுரீரென்று பிடித்தது. அந்தப் பக்கத்து மண்ணெல்லாம் உப்புதான் என்றாலும் இப்படிப் பிடிக்காது. வெயிலில் போட்டு உப்பேற்றிய தேக்கத்துத் தண்ணீர் இது. கரைக்குள் எங்கேயோ வழி கிடைத்து வெளியே வருகிறது.

வழி போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டடி தள்ளி, உமரிச் செடியின் அடியில், புதிதாகத் தள்ளிய மண் குவியலாக இருந்தது. பெருச்சாளி.

தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகிற வழியில், கடலை ஒட்டி அவளுடைய உப்பளம். கணவர் சுடலைக்கண்ணன் இறந்த பிறகு குத்தகையைத் தன் பேருக்கே மாற்றி எடுத்து நடத்துகிறாள். மார்கழியில் பெய்த பேய்மழையில் பாத்தியும் கரையும் ஒன்றாகி, ஒரே கடலாகக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் ஆள் வைத்துக் கரையைத் திரும்பப் போட்டு, பாத்தியை மிதித்து, போர் போட்டுத் தண்ணீர் ஏற்றி, இப்போதுதான் தேக்கம் நிறைந்திருக்கிறது. மழைக்குத் தப்பிய பெருச்சாளியெல்லாம் மேடு தேடிப் புதுக் கரைக்குள் குடியேறிவிட்டன.

விஷம் வைக்கலாம். பக்கத்து அளத்தில் அப்படி வைத்துத்தான் காவலுக்கு இருந்த நாய் செத்தது. செத்த பெருச்சாளியைக் கொத்திய பருந்தும் அங்கனேயே விழுந்து கிடந்தது. செல்லக்கனிக்கு அந்த எண்ணமே வரவில்லை. கிட்டி வைத்துப் பிடிக்க வேண்டும். வாய் பிளந்த இரும்புப் பொறிகள், சாக்கில் கட்டி வீட்டுப் பரணில் கிடந்ததால் மழைக்குத் தப்பியவை, அவளிடம் இருந்தன. இல்லாதது நாக்குதான்.

நாக்கு என்பது அவளும் பழைய தோழி கிளாடிஸும் வைத்த பேர். பெருச்சாளி ஓடுகிற வளைக்குள் கிட்டியை இறக்க வேண்டுமென்றால் கரையின் மேலிருந்து ஒடுக்கமாக ஒரு வெட்டு வெட்டி, வளையின் தரை சிதையாமல், கூரை இடியாமல் திறக்க வேண்டும். மம்பட்டியால் வெட்டினால் கரையே பிளந்துவிடும். கடப்பாரையால் குத்தினால் வளை தூர்ந்துபோகும். அதற்கென்று முழங்கை நீளத்தில், நாக்கு மாதிரி நுனி வளைந்து, நடுவில் லேசாகக் குழிந்த ஒரு கருவி அவர்களிடம் இருந்தது. அளத்துக் குடிசையின் கூரையில் செருகி வைத்திருந்தாள். குடிசையே கடலுக்குப் போன அன்று அதுவும் போயிற்று.

மறுநாள் காலையிலேயே ஜெயகணேஷ் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்குப் போய் நின்றாள். அவர் யோசித்துவிட்டு, பச்சைப் பிளாஸ்டிக் பிடி போட்ட சின்ன மண் அள்ளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"பாக்க லெச்சணமா இருக்கு அண்ணாச்சி. கரை மண்ணு தாங்குமா?"

"தோட்டத்துக்கு எல்லாரும் இதத்தான் வாங்குதாங்க."

முதல் குத்திலேயே கழுத்து மடங்கியது. காய்ந்த அளத்து மண் வெளியே பொருக்கு, உள்ளே பசை. நடுவே பழைய சிப்பி அடுக்கு வேறு. மடங்கியதைக் கொண்டுபோய்க் காட்டினாள். அண்ணாச்சி பதறிப்போய் எவர்சில்வரில் ஒன்றைக் கொடுத்தார். அது துருப்பிடிக்காதுதான், ஆனால் மண்ணுக்குள் நுழையவும் மாட்டேன் என்றது. ஓங்கிக் குத்தினால் ஆணி தெறித்துப் பிடி தனியே வந்தது. கொத்தனார் கரண்டி கேட்டு வாங்கிப் பார்த்தாள். தகடு மாதிரி அதிர்ந்தது.

"கோவிச்சுக்காதக்கா, பூச்சட்டிக்குச் செஞ்சதக் கொண்டுபோய்ப் பாறைல குத்தினா என்ன செய்யும்?" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னதும் நியாயம்தான்.

அங்கேதான் அவளுக்கு அந்தச் சேதி கிடைத்தது. தருவைகுளத்துக் கிளாடிஸ் கொச்சியிலிருந்து வந்திருக்கிறாளாம். ஓடு மாற்றக் கம்பியும் ஆணியும் வாங்கிப் போனாளாம்.

செல்லக்கனி கையிலிருந்த கிட்டிச் சாக்கோடு நேரே தருவைகுளம் பஸ்ஸில் ஏறினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து அளங்களைப் பார்த்துக்கொண்டே போனபோது, வயது அப்படியே கழன்று விழுந்த மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் இதே அளங்களில் உப்புச் சுமந்தவர்கள். கரை உடைந்து ஒரு அளமே பாழான வருஷம், கிளாடிஸ் தன் அப்பாவின் கிட்டியை ஓலைப்பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். அப்படித் தொடங்கியதுதான். பிறகு எந்த அளத்தில் கசிவு என்றாலும் இவர்களைக் கூப்பிட ஆள் வரும். கிளாடிஸ் ஒல்லிக்குச்சி, கரையில் குப்புறப் படுத்து, வெட்டுக்குள் தோள்வரை கையை விட்டு, கிட்டியை வளையின் தரையில் வைத்துவிட்டு வருவாள். செல்லக்கனி காலைப் பிடித்துக்கொள்வாள். எலிக்காரிகள் என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும் என்று இருவரும் முல்லைப்பூ வைத்துக்கொண்டு கரை கரையாக நடந்தார்கள். அப்புறம் டெரன்ஸ் வந்தான், கப்பல்காரன். கிளாடிஸைக் கட்டிக் கொச்சிக்குக் கூட்டிப்போனான். நாக்கு செல்லக்கனியிடம் நின்றது.

கதவைத் திறந்தவளைப் பார்த்துச் செல்லக்கனி ஒரு கணம் தயங்கினாள். ஒல்லிக்குச்சி எங்கே? வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் கிளாடிஸ். தலை முழுக்க வெள்ளை.

"ஏளா, செல்லக்கனியா? உள்ள வாளா! அங்கன நின்னு என்ன மொறைக்க?"

"ஒன்னையத்தான் தேடுதேன். நீ எங்க போன?"

"எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கேன்" என்று கிளாடிஸ் தன் வயிற்றைத் தட்டிச் சிரித்தாள்.

குசினியில் உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். டெரன்ஸ் போய்ச் சேர்ந்ததை, மகள் ஏஞ்சலின் கொச்சியிலேயே வேலையோடு நிலைத்துவிட்டதை, மழையில் ஒழுகும் இந்த வீட்டைச் சரிசெய்து விற்றுவிட்டுத் திரும்பப் போவதைச் சொன்னாள். செல்லக்கனி சுடலைக்கண்ணனைப் பற்றிச் சொன்னாள். 

"நாக்கு போயிட்டுளா, மழையில" என்றாள் செல்லக்கனி.

கிளாடிஸ் காப்பியைக் கீழே வைத்தாள். புருஷன்மார் இறந்த பேச்சில் கலங்காத கண் இப்போது கலங்கியது. "அத என் கைய வச்சுல்லா அளவெடுத்தாரு பட்டறைக்கார வளன் மாமா."

"அதுக்குத்தான் வந்தேன். நீளம் எனக்குத் தெரியும். அகலம் ஒன் கையிலல்லா இருக்கு. திரேஸ்புரத்துல அவரு மகன் பாஸ்கலுதான் இப்பப் பட்டறை வச்சிருக்கான். வாரியா?"

கிளாடிஸ் எழுந்தாள். உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

பாஸ்கலின் பட்டறை, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் கரைக்குப் பக்கத்தில் இருந்தது. நங்கூரம் அடிப்பதும் விசைப்படகுக்கு வெல்டிங் வைப்பதும்தான் அவனுக்கு முக்கியத் தொழில். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். பிறகு, சின்ன வயதில் இந்த அக்காமார் வந்து அப்பாவோடு மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்து, துண்டால் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னான்.

"அக்கா, கைய இதுல வையுங்க" என்று ஒரு தகட்டையும் சாக்குக்கட்டியையும் எடுத்து நீட்டினான்.

கிளாடிஸ் வலது கையைத் தகட்டின் மேல் வைத்தாள். விரல்கள் சேரவில்லை. ஒவ்வொரு கணுவும் புடைத்து, சுண்டுவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சேர்த்துப் பார்த்தாள். வலியில் முகம் சுளித்தது. பாஸ்கல் சாக்குக்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"வாதம்லே" என்றாள் கிளாடிஸ் மெதுவாக. "இந்தக் கை அந்தக் கை இல்ல."

 இத்தனை வருஷமும் செல்லக்கனியின் நினைவில் வெட்டுக்குள் போய்க்கொண்டிருந்த அந்தக் கை, வளையல் ஒன்றுகூட இல்லாத அந்த மெல்லிய கை, இனி எங்கேயும் இல்லை. அவள் சட்டென்று குனிந்து, கொண்டுவந்த சாக்கைப் பிரித்து, ஒரு கிட்டியை எடுத்துத் தகட்டின் மேல் வைத்தாள்.

"பாஸ்கலு, இதச் சுத்திக் கோடு போடு. உள்ள போறது இதுதான? இது போக ஒரு விரக்கடை வழி இருந்தாப் போதும். அகலத்த இது சொல்லட்டும். பிடிய நாங்க சொல்லுதோம்."

கிளாடிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கே இப்படி அளந்திருக்கலாம்லாளா?"

"அன்னைக்கு நமக்கு எங்க புத்தி இருந்து?"

அதற்குப் பிறகு கிளாடிஸுக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. பட்டறைக்குப் பின்னால் இருந்த இரும்புக் குவியலை ஒரு கை பார்த்தாள். பாஸ்கல் காட்டிய புது இரும்புப் பட்டையை, "இது வளையும், நிமிரும். திரும்ப வளையும்" என்று தள்ளினாள். நங்கூரக் கை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, பாரம் என்றாள். கடைசியில் லாரிக்கு அடியில் வளைவாக அடுக்கியிருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டைகளில் வந்து நின்றாள். ஒவ்வொன்றையும் ஒரு முனையில் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டச் சொன்னாள். பளபளவென்று இருந்த ஒன்று மொத்தென்று ஒலித்தது. உள்ளே கீறல் இருக்கும் என்று ஒதுக்கினாள். துரு ஏறிக் கோரமாகக் கிடந்த ஒன்று கோயில் மணி மாதிரி நீளமாகப் பாடியது.

"இது."

உலையில் பட்டை சிவந்தது. பாஸ்கல் அடிக்க, நுனி மெலிந்து வளைந்தது. நடுவில் குழிவு இறங்கியது. கழுத்தை மட்டும் மெலிய விடவில்லை செல்லக்கனி. மடங்கிப்போன அந்தப் பச்சைப் பிடி அவள் கண்ணிலேயே நின்றது. பிடிக்கு ஒரு குழாயை வெல்டிங் வைத்துத் தருகிறேன், ஒரு நிமிஷ வேலை என்றான் பாஸ்கல்.

"வெல்டிங் வேண்டாம்ப்பா. உப்பு மொதல்ல அங்கனதான் நக்கும்" என்றாள் செல்லக்கனி. "வாலையும் அதே பட்டையில இழுத்து விடு. பிடிக்குள்ள முழுசும் போய், மேல வந்து மடங்கணும்."

"அது அரை நாள் வேலைக்கா."

"நாங்க என்ன கப்பலுக்கா போறோம்?"

பிடிக்கு மரம் தேடிக் கிளாடிஸ் கரைப்பக்கம் போனாள். பிரித்துப் போட்ட பழைய வள்ளம் ஒன்றின் விலா எலும்பு மாதிரியான கருவேலங்கட்டை மணலில் கிடந்தது. காலமெல்லாம் கடல் தண்ணீர் குடித்த மரம். இனி அது சுருங்கவும் போவதில்லை, வெடிக்கவும் போவதில்லை. படகுக்காரரிடம் கேட்டு வாங்கிவந்தாள். பழைய நாக்குக்கு ஒரு சாண் பிடிதான் இருந்தது. இப்போது இரண்டு முழத்துக்கு இழைக்கச் சொன்னாள். மணிக்கட்டால் குத்துகிற காலம் போய்விட்டது, முட்டிபோட்டு மேலுடம்பின் பாரத்தை இறக்கினால் போதும் என்பது அவள் கணக்கு. பிடி தடிமனாக இருக்கட்டும் என்றாள் செல்லக்கனி. ஒல்லியாக இருந்தால் அவள் கையிலும் இப்போதெல்லாம் நரம்பு இழுக்கிறது. இதில் இருவருக்கும் சண்டை வந்து, பாஸ்கல் இரண்டு கட்டையைச் சீவிக் கையில் கொடுத்துப் பார்த்து, தடிமனே ஜெயித்தது. பூண் மட்டும் பித்தளையில் போட்டான். பிடியை மாட்டுமுன் இரும்பைச் சூட்டோடு எண்ணெயில் முக்கி எடுத்து, இளஞ்சூட்டில் ஆறவிட்டு, ஓரத்தில் அரத்தால் வேர் அறுக்கப் பல் வைத்துக் கொடுத்தான்.

பழையதைப் போல அது அழகாக இல்லை. செல்லக்கனி கையில் வாங்கியதும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. துடுப்புக்கும் அகப்பைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் இருவரும் அளத்துக்குப் போனார்கள். முதலில் கறுத்திருந்த இடம் இப்போது சொதசொதவென்று இருந்தது. கிளாடிஸ் கரைமேல் மெதுவாக நடந்து, ஒரு மெல்லிய கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் கம்பி தடையில்லாமல் இறங்கியது.

"இங்கன ஓடுது. வெட்டு."

செல்லக்கனி முட்டிபோட்டு நாக்கை ஊன்றி, உடம்பை மேலே சாய்த்தாள். பொருக்கைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. சிப்பி அடுக்கில் நறநறவென்று அரைத்தது, நுனி திரும்பவில்லை. உமரி வேரைப் பல்லால் இரண்டு இழுப்பு. மண் குழிவிலேயே தங்கி மேலே வந்தது. ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை அவளுக்கு.

வளை நினைத்ததைவிட ஆழத்தில் இருந்தது. அது மட்டுமல்ல, அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை தேக்கத்தின் பக்கம் போயிருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே மண் பொலபொலவென்று உதிர்கிற சத்தம் கேட்டது. மறுநொடி வளையின் வாய் வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி, வெட்டு நிறைந்து, கரையின் வெளிப்பக்கம் வழியத் தொடங்கியது.

"ஏளா, கரை போச்சு!" என்று அலறினாள் செல்லக்கனி.

ஓடிப்போய் ஆள் கூப்பிடப் பக்கத்தில் யாரும் இல்லை. வழிகிற தண்ணீர் வெளிச்சரிவை அரிக்க ஆரம்பித்தது. கையளவு மண் பெயர்ந்து விழுந்தது, பிறகு சட்டியளவு. செல்லக்கனி மண்ணை வாரிப் போட்டாள். போடப்போட அடித்துக்கொண்டு போனது. அப்போது கிளாடிஸ் சேலையைச் செருகினாள். "நகருளா" என்றாள். அரித்துக்கொண்டிருந்த அந்த உடைப்புக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் நின்றது. அவள் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் கசிந்ததே தவிர நின்றுவிட்டது.

"என்னைய என்ன பாக்க? அந்தப் பக்கம் போய் வளை வாய அடை!"

செல்லக்கனி தேக்கத்துக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரையின் உள்பக்கம் நாக்கைச் செங்குத்தாக ஊன்றி, காலை வைத்து ஏறி மிதித்தாள். அவள் முழுப் பாரமும் அந்தக் கழுத்தில் நின்றது. இரும்பு வில்லாக வளைந்து, திரும்ப நிமிர்ந்து, மண்ணை நெம்பியது. இரண்டாவது மிதியில் வளை திறந்தது. கையை விட்டுப் பார்த்தாள், தண்ணீர் இழுத்தது. சாக்கைச் சுருட்டித் திணித்து, களிமண்ணை வைத்து, நாக்கின் பிடியைத் திருப்பி உலக்கை மாதிரி இடித்தாள். இழுவை குறைந்தது. பிறகு நின்றது. அவள் மேலும் மேலும் இடித்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்ளா, எனக்குக் கீழ காஞ்சிட்டு" என்றாள் கிளாடிஸ்.

அப்புறம் அவளை எழுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. செல்லக்கனி இழுக்க, கிளாடிஸ் எழும்ப, இருவரும் சேர்ந்து சரிவில் உருண்டார்கள். சேறும் உப்புமாகக் கிடந்து கிளாடிஸ் சிரித்தாள். "டெரன்ஸ் இருந்தவரைக்கும் உடம்பக் குறை, குறைன்னு உசிர எடுத்தாரு. இன்னைக்கு வந்து பாத்திருக்கணும்." செல்லக்கனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கடற்காற்று சேலையைக் காயவைக்கும்வரை எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தார்கள். முல்லைப்பூ வைத்துக்கொண்டு நடந்த அந்தக் கரையிலேயே, அன்றைக்குப் பேசியதை விட்ட இடத்திலிருந்து பேசினார்கள்.

பொழுது சாய்வதற்குள் வெளிப்பக்க வளையில் புதிதாக ஒரு வெட்டு எடுத்து, தரையைச் சமன்செய்து, கிட்டியை வைத்தாள் செல்லக்கனி. குப்புறப் படுக்கத் தேவையே இருக்கவில்லை. நீளப் பிடியின் நுனியாலேயே கிட்டியைத் தள்ளி நிறுத்தினாள். மேலே பலகைத் துண்டு வைத்து, வெளிச்சம் புகாமல் மண்ணால் மூடினாள்.

விடிந்ததும் திறந்து பார்த்தபோது, பூனைக்குட்டி அளவுக்கு ஒரு பெருச்சாளி மாட்டியிருந்தது. "யம்மாடி, எம்மாம்பெரிய பெருக்கான்!" என்று கிளாடிஸ் வாயில் கை வைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் மற்றவையும் விழுந்தன. கரை இறுகியது. பங்குனியில் பாத்தியில் உப்பு பூத்தது.

கரை பிழைத்த கதை அளம் அளமாகப் பரவி, ஆள் வந்துகொண்டே இருந்தது. கிளாடிஸ் கொச்சிக்குப் போவதை ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று தள்ளிப்போட்டாள். ஏஞ்சலின் போனில் சத்தம் போட்டாள். இவளோ கம்பியோடு கரையில் நடந்துகொண்டே, "இந்தா வாரேன் மக்கா, சிக்னல் இல்ல" என்று சொல்லி அணைத்துவிடுவாள். பாஸ்கல் அதே மாதிரி மூன்று நான்கு செய்து மற்ற அளங்களுக்குக் கொடுத்தான். கழுத்தில் வெல்டிங் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு வெல்டிங்கும் வைத்துக் கொடுத்தான்.

ஐப்பசியில் மேகம் கூடி, அளத்தை மூடினார்கள். கிளாடிஸ் வீட்டை ஒரு படகுக்காரர் குடும்பத்துக்கு விற்றுவிட்டாள். பஸ் ஏற்றிவிடப் போன செல்லக்கனி, இனி எப்போது பார்ப்போம் என்று கேட்க வாயெடுத்தும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம்.

மாசி பிறந்து தேக்கம் நிறைந்த வாரத்தில், காலையில் செல்லக்கனி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் ஒரு பெரிய பை இறங்கியது. பிறகு கிளாடிஸ், பக்கவாட்டில் திரும்பி, முனகிக்கொண்டே இறங்கினாள்.

"எம்மக ரெண்டு மாசம்னு சொல்லி அனுப்பிருக்கா" என்றாள். "நான் அஞ்சு மாசத்துக்குத் துணி எடுத்து வந்திருக்கேன். ஏளா, எங்கன படுக்கச் சொல்லுத?"